நனையத் தெரிந்தவர்களுக்கு டப்ளின்

லிஃபி ஆற்றின் மேல் உள்ள ஹாபென்னி பாலத்தை ஒட்டி ஒரு குப்பைத்தொட்டி. நவம்பர் மாதச் சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. தொட்டிக்குள் தலைகீழாகச் செருகியிருந்த குடைகளை எண்ணினேன். நான்கு. கம்பி பிதுங்கி, துணி கிழிந்து, செத்த காக்கை இறக்கை விரித்த மாதிரிக் கிடந்தன. ஐந்தாவதாக என் குடை போய்ச் சேர்ந்தது. பாரிமுனையில் பேரம் பேசி வாங்கியது. மூன்று பருவமழையைத் தாங்கியது. டப்ளின் காற்று அதை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டது.

மழை பலமாக இல்லை. மேலிருந்து விழவும் இல்லை. ஆற்றின் திசையிலிருந்து படுக்கை வசமாக வந்து கன்னத்தில் ஒட்டியது. எதிரே குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். வண்டிக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. அவருக்குத் தலைமூடி வைத்த மழைக்கோட்டு. கையில் குடை இல்லை. பாலத்தில் போனவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். குடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் கையில் வரைபடமோ கேமராவோ வைத்திருந்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரிடமும் குடை இல்லை.

இரண்டு நாள் பயணத்தின் முதல் பாடம் அந்தக் குப்பைத்தொட்டியில் கிடைத்தது. இந்த ஊரில் மழை பெய்தால் என்ன செய்வது என்று திட்டம் போடக் கூடாது. மழை பெய்யும் என்றே திட்டம் போட வேண்டும்.

வெள்ளி மாலை கிளம்பி, ஞாயிறு இரவு வீடு

மகள் லண்டனில், மகன் ஃபிராங்க்ஃபர்ட்டில் என்று பிள்ளைகளை அனுப்பிவைத்த வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "இந்த சனி, ஞாயிறு எங்கேப்பா?" வெள்ளி மாலை அலுவலகப் பையோடு விமானம் ஏறி, ஒரு தலைநகரைப் பார்த்துவிட்டு, திங்கள் காலை கணினி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்பா அம்மா விசிட் விசாவில் போயிருந்தால் அவர்களுக்கும் ஒரு டிக்கெட். நாம் திருச்செந்தூருக்கு வேன் பிடிப்பதைவிடச் சுலபமாக இருக்கிறது, கேட்பதற்கு.

இந்தப் பழக்கம் முளைத்த இடங்களில் டப்ளினும் ஒன்று. ரயன்ஏர் நிறுவனம் 1986-ல் டப்ளினிலிருந்து லண்டன் அருகிலுள்ள லூட்டனுக்கு மலிவுக் கட்டணத்தில் விமானம் விட்டது. 1990-களில் ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வழியைத் திறந்துவிட, உறுப்பு நாட்டு விமான நிறுவனங்கள் ஒன்றியத்துக்குள் எந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலும் பறக்கலாம் என்றானது. அதன்பின் கட்டணம் சரிந்தது. சனி, ஞாயிறு ஊர் சுற்றுவது நடுத்தர வர்க்கத்துக்கும் கைக்கெட்டியது. வரலாறு இவ்வளவு போதும். போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதுதான் விஷயம்.

சென்னையில் பெய்வதில் பாதி

டப்ளினில் ஆண்டுக்குச் சுமார் 750 மி.மீ. மழை. சென்னையில் சுமார் 1,400 மி.மீ. ஆம், மழைக்குப் பெயர்போன அந்த ஊரில் நம் ஊரில் பெய்வதில் ஏறக்குறையப் பாதிதான். வித்தியாசம் அளவில் இல்லை, பெய்யும் விதத்தில். சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை வந்தால் ஆண்டுக் கணக்கில் பெரும்பங்கைச் சில வாரங்களில் கொட்டி முடித்துவிடும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பெய்த 49 செ.மீ. நினைவிருக்கும், டப்ளின் எட்டு மாதம் பெய்ய வேண்டிய மழை அது. டப்ளின்காரர்களுக்கு அதே மழை ஆண்டு முழுவதும் தவணை முறையில் வருகிறது. எந்த மாதத்துக்கும் விடுமுறை கிடையாது.

அட்லாண்டிக் கடலிலிருந்து மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்துவருகிறது. அயர்லாந்தின் மேற்குக் கரை மலைகள் முதலில் அதை மறித்து வாங்கிக்கொள்கின்றன. டப்ளின் கிழக்குக் கரையில், மலைகளுக்குப் பின்னால் ஒதுங்கி இருக்கிறது. வரும்போது மேகத்தில் பாதிச் சரக்கு தீர்ந்திருக்கும். அதனால் அடைமழை அரிது. தூறல், சாரல், தூவானம்தான் நாள் முழுக்க. ஒன்றுமே தெரியாமல் முடியெல்லாம் ஈரமாகியிருக்கும் அந்த மெல்லிய தூவலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சாஃப்ட் டே'. மழையைத் திட்டாமல் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள்.

குற்றாலச் சாரலில் நின்றவர்களுக்கு இந்த மழை புதிதல்ல. குளிர்தான் புதிது. ஜனவரியில் சராசரி வெப்பம் 5 டிகிரியை ஒட்டி இருக்கும். ஜூலையிலும் 16-ஐத் தாண்டாது. மழையைவிட முக்கியமாகக் கணக்கில் எடுக்க வேண்டியது வெளிச்சம். டிசம்பரில் மாலை நாலே காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். டிசம்பரில் போகும் இரண்டு நாளும் ஜூனில் போகும் இரண்டு நாளும் ஒன்றல்ல. ஜூனில் கிடைக்கும் பகல் இரண்டு மடங்குக்கும் மேல்.

■ பெட்டிச் செய்தி: விசாவில் கோட்டை விடாதீர்கள்

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. ஷெங்கன் வளையத்தில் இல்லை. ஜெர்மனி, பிரான்ஸ் விசா வைத்திருக்கும் இந்தியர் அதை நம்பி டப்ளினில் இறங்க முடியாது.

லண்டனில் வேலை விசாவில் இருக்கும் இந்தியர்கள் செய்யும் தவறு இன்னொன்று. "பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே பாஸ்போர்ட் பார்ப்பதில்லையே" என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சலுகை பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஐரிஷ் விசா தனியாக வேண்டும்.

இந்தியாவிலிருந்து குறுகிய காலச் சுற்றுலா விசா வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. பிரிட்டிஷ் விசிட் விசாவில் பி.ஐ.வி.எஸ். என்ற குறிப்பு இருந்தால் அதே விசாவில் அயர்லாந்துக்கும் போகலாம். ஆனால் முதலில் பிரிட்டனில் இறங்கியிருக்க வேண்டும். ஆக, வேலை பார்க்கும் மகளுக்குத் தனி விசா வேண்டும். பார்க்கப் போன அம்மாவுக்கு வேண்டாம். வேடிக்கைதான், ஆனால் விதி அப்படி.

தனி விசாவுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைக்கு வரப் பல வாரம் ஆகும். விசா வந்த பிறகு விமான டிக்கெட் போடுங்கள்.

கூரைகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் பார்க்க வேண்டிய பத்து இடங்களை எழுதி, மணி போட்டு, வரிசைப்படுத்திக்கொண்டு வருகிறார்கள். டப்ளினில் அந்தத் தாள் சனிக்கிழமை பதினொரு மணிக்குள் நனைந்து கிழிந்துவிடும். நான் கண்ட வழி வேறு. கூரை உள்ள இடங்களில் எவற்றுக்கு முன்பதிவு கட்டாயமோ அவற்றை மட்டும், இரண்டு நாளைக்கு இரண்டே இரண்டு, மணி குறித்து வாங்கிவிட வேண்டும். மற்ற நேரம் முழுவதும் காலியாக இருக்கட்டும். வெயில் எட்டிப் பார்த்தால் கடலுக்கு ஓடலாம்; மழை பிடித்தால் பக்கத்தில் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதில் நுழையலாம்.

அப்படி நுழைய முடிகிற ஊர் இது. தேசிய அருங்காட்சியகம், தேசிய ஓவியக் கூடம், செஸ்டர் பீட்டி நூலகம் மூன்றுக்கும் அனுமதி இலவசம். மழைக்கு ஒதுங்கிய பத்து நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய தங்கத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரலாம். தூறல் மறுபடி வந்தால் மறுபடி உள்ளே போகலாம். லண்டனிலும் பெரிய அருங்காட்சியகங்கள் இலவசம்தான். ஆனால் அங்கே பல நேரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுரங்க ரயில் பிடிக்க வேண்டும். டப்ளினில் இவை அனைத்தும் இருபது நிமிட நடைக்குள்.

முன்பதிவு வேண்டிய இரண்டில் ஒன்று டிரினிட்டி கல்லூரி. 1592-ல் தொடங்கியது. அங்கிருக்கும் கெல்ஸ் சுவடி கிறிஸ்துவின் நான்கு சுவிசேஷங்களையும் கன்றுத் தோலில் எழுதி, வண்ணம் தீட்டிய நூல், ஏறக்குறைய கி.பி. 800-ஐச் சேர்ந்தது. கட்டணம் 20 யூரோவுக்கு மேல். என் அபிப்பிராயம்: அலங்கார எழுத்துகளில் உயிரை விடுகிறவர்கள் தவற விடக் கூடாது, மற்றவர்களுக்குக் கூட்டத்தில் எட்டிப் பார்த்த ஒரு பக்கம்தான் மிஞ்சும். மாடியில் 65 மீட்டர் நீளமுள்ள பழைய நூலக மண்டபம் பேரழகு. ஆனால் பாதுகாப்புப் பணிக்காக அதன் பழம்புத்தகங்களை அலமாரியிலிருந்து இறக்கத் தொடங்கி ஆண்டுகள் ஆகின்றன. படத்தில் பார்த்த புத்தக அடுக்கை எதிர்பார்த்துப் போகிறவர்கள், மண்டபம் திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மோர் குடித்தவனின் கை

கில்டேர் தெருவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவில், தங்க நகைகளைத் தாண்டி உள்ளே போனால் சுருள் வடிவில் மறைப்புச் சுவர் வைத்த சிறு அறைகள். பார்க்க விருப்பமில்லாதவர்கள் விலகிப் போகட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். சுவரைச் சுற்றி உள்ளே நுழைந்தால் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மனிதன். தலை இல்லை, இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. மார்பும் இரண்டு கைகளும் மட்டும், பதப்படுத்திய தோல் பையின் நிறத்தில்.

நான் பார்த்துக்கொண்டே நின்றது கையைத்தான். விரல் மடிப்பில் ரேகை தெரிகிறது. நகங்கள் அளவாக, ஒழுங்காக, உடையாமல் இருக்கின்றன. மண்வெட்டி பிடித்த கை இல்லை. இடது மேற்கையில் பின்னிய தோல்வார்க் காப்பு. இரண்டு மேற்கைகளிலும் துளை போட்டு, முறுக்கிய குச்சியால் செய்த கயிற்றைக் கோர்த்திருக்கிறார்கள். கொல்லப்பட்டவன். 2003-ல் ஆஃபலி மாவட்டத்தில் ஓல்ட் க்ரோகன் என்ற இடத்தில் வாய்க்கால் வெட்டும்போது கிடைத்தான். வயது இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு. வயிற்றில் மிச்சமிருந்த கடைசிச் சாப்பாட்டை ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்கள்: தானியமும் மோரும்.

கூழும் மோரும் குடித்துவிட்டுப் போனவன் என்று நினைத்ததும் அந்தக் கை எனக்கு அயலானின் கையாகப் படவில்லை.

இந்த உடல் அழுகாமல் கிடைத்ததற்குக் காரணம் வெளியே பெய்துகொண்டிருக்கும் அதே மழை. அயர்லாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் மேட்டுச் சதுப்புகளுக்கு ஆறு, ஊற்று எதுவும் கிடையாது, மழைநீர்தான் தாய்ப்பால். அந்த ஈரத்தில் வளரும் பாசி மடிந்து, அடுக்கடுக்காகப் படிந்து, புளித்த, காற்றுப் புகாத கரும்மண் ஆகிறது. அதற்குள் போன தோல், தோல் பதனிடும் தொட்டிக்குள் போன மாதிரிதான். மழை இல்லாவிட்டால் சதுப்பு இல்லை, சதுப்பு இல்லாவிட்டால் இந்தக் கை இல்லை. மழையிலிருந்து தப்பிக்க உள்ளே வந்தவர்கள் மழை செய்துவைத்ததைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஆற்றங்கரையில் கஸ்டம் ஹவுஸ் அருகே போனால் இந்த ஈரத்துக்கு இன்னொரு முகம் தெரியும். கிழிந்த துணியும் கையில் சிறு மூட்டையுமாக, எலும்பும் தோலுமான வெண்கல மனிதர்கள் துறைமுகத்தை நோக்கி நடக்கிறார்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் நினைவுச் சின்னம். ரோவன் கில்லெஸ்பி செய்தது, 1997-ல் வைத்தது. பத்து லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். பயிரை அழித்த கருகல் நோய் குளிர்ந்த ஈரக் காற்றில் பரவுவது. அயர்லாந்து வானிலைத் துறை இன்றைக்கும் கோடையில் புயல் எச்சரிக்கை போலவே கருகல் நோய் எச்சரிக்கையும் விடுகிறது. வெண்கலக் கன்னங்களில் தூறல் வழிந்துகொண்டிருந்தது. வெயில் நாளில் இந்தச் சிலைகளைப் பார்க்காதீர்கள் என்றுகூடச் சொல்வேன்.

கோட்டைக்குள் ஒரு அடையாறு

செஸ்டர் பீட்டி நூலகம் டப்ளின் கோட்டை வளாகத்துக்குள் இருக்கிறது. சுரங்கத் தொழிலில் பணம் சேர்த்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் செஸ்டர் பீட்டி தன் வாழ்நாள் சேகரிப்பை அயர்லாந்துக்கு விட்டுச்சென்றார். முகலாயச் சிற்றோவியங்கள், குர்ஆன் பிரதிகள், கி.பி. 200-ஐ ஒட்டிய பவுலின் நிருபங்கள் எழுதிய பாப்பிரஸ் ஏடுகள் எல்லாம் மங்கிய வெளிச்சத்தில் இருக்கின்றன. கூட்டமே இராது. டப்ளினில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். கெல்ஸ் சுவடியை அல்ல.

அந்தக் கோட்டை 1922 வரை பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமையிடம். 1913 ஜனவரியில் அதன் கண்ணாடி ஜன்னல்களை உடைத்து, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் மார்கரெட் கசின்ஸ். இரண்டே ஆண்டில் அவர் இந்தியா வந்தார். 1917-ல் அடையாறில் இந்தியப் பெண்கள் சங்கம் தொடங்கியவர்களில் அவர் உண்டு. மதனப்பள்ளியில் 'ஜன கண மன'வுக்கு இசைக் குறிப்பு எழுதியவரும் அவரே. 1954-ல் அடையாறிலேயே மறைந்தார். ஜன்னல் உடைந்ததைச் சொல்லும் பலகை எதுவும் கோட்டையில் என் கண்ணில் படவில்லை. நீங்கள் போனால் முற்றத்தில் நின்று ஒரு நிமிடம் மேலே பாருங்கள்.

ஜன்னல் உடைந்த அதே ஆண்டில் இன்னொருவர் எதிர்த் திசையில் பயணம் போனார். சென்னை மாகாணத்தின் பெர்ஹாம்பூரில் பிறந்த வி.வி. கிரி 1913-ல் டப்ளினுக்குச் சட்டம் படிக்க வந்தார். 1916-ல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஈஸ்டர் எழுச்சி வெடித்த பிறகு அயர்லாந்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1969-ல் இந்தியக் குடியரசுத் தலைவர் ஆனார்.

அந்த எழுச்சி எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் முன்பதிவு வேண்டிய இரண்டாவது இடம்: கில்மைனம் சிறை. 1796-ல் திறந்து 1924-ல் மூடியது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும். 1916 மே மாதம் எழுச்சித் தலைவர்கள் 14 பேரை அதன் கல்லுடைக்கும் முற்றத்தில் சுட்டுக் கொன்றார்கள். காயத்தோடு நிற்க முடியாமல் இருந்த ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். ஜோசஃப் ப்ளங்கெட்டுக்கு அவர் காதலி கிரேஸ் கிஃபர்டோடு சிறைத் தேவாலயத்தில் திருமணம் நடந்து, சில மணி நேரத்தில் அவர் சுடப்பட்டார். முற்றத்தில் கூரை கிடையாது. எங்கள் குழுவில் இருபது பேர் நனைந்துகொண்டே கேட்டோம். யாரும் தலைமூடியைக்கூடச் சரிசெய்யவில்லை.

டிக்கெட் 8 யூரோதான். ஆனால் 28 நாளுக்கு முன்பு இணையத்தில் திறக்கும். சனி, ஞாயிறு இடங்கள் சீக்கிரம் போய்விடும். கிடைக்காதவர்கள் அன்று காலை ஒன்பது மணிக்கு மேல் மறுபடி பார்க்கலாம். ரத்தான டிக்கெட்டுகள் அப்போது வரும்.

■ பெட்டிச் செய்தி: பையிலும் சட்டைப்பையிலும்

• டப்ளின் விமான நிலையத்துக்கு ரயில் இல்லை. 16, 41 எண் நகரப் பேருந்துகள் ஊருக்குள் வரும். டாக்ஸி 30 யூரோவைச் சுலபமாகத் தாண்டும்.

• விமான நிலையக் கடையிலேயே லீப் கார்டு வாங்கிவிடுங்கள். 90 நிமிடத்துக்குள் பஸ், டிராம், டார்ட் என்ற புறநகர் ரயில் எதில் மாறினாலும் 2 யூரோ. பஸ்ஸில் ரொக்கம் கொடுத்தால் சில்லறை நாணயம்தான் வாங்குவார்கள், நோட்டு வாங்க மாட்டார்கள், மீதியும் கிடையாது.

• பிளக் பிரிட்டனில் உள்ள அதே பெரிய மூன்று முனை. பணம் யூரோ.

• தண்ணீர் பாட்டிலுக்கு 15 காசு, பெரிய பாட்டிலுக்கு 25 காசு முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கசக்காமல் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். இந்த நடைமுறை 2024 பிப்ரவரியில் வந்தது.

• குடை வேண்டாம். தலைமூடி உள்ள மழைக்கோட்டு, கூடுதலாக இரண்டு ஜோடி காலுறை, தண்ணீர் இறங்காத ஷூ. ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் அறைக்குள் காய இரண்டு நாள் ஆகும். உங்களுக்கு இருப்பதே இரண்டு நாள்.

விமானம் மலிவு, படுக்கை விலை

போகவரச் செலவழித்ததைவிட ஒரு ராத்திரி படுக்கக் கொடுத்ததுதான் அதிகம். டப்ளின் போய்வந்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு நடந்ததும் அதுதான். ஊர் நடுவில் ஒரு விடுதி; ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர். அதே அறைக்கு அதற்கு முந்தைய வாரம் பாதி விலை. விசாரித்தால், அன்று ஊரில் பெரிய ஆட்டம் ஒன்று. க்ரோக் பார்க் அரங்கில் 82,000 பேர் உட்காரலாம், அவீவாவில் 50,000-க்கு மேல். ரக்பி ஆட்டமோ, பெரிய இசைக் கச்சேரியோ இருக்கிற வாரத்தில் ஊரில் ஒரு கட்டில் கிடைக்காது. மார்ச் 17 புனித பேட்ரிக் நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே, தேதி முடிவு செய்யும் முன் வானிலையைப் பார்க்காதீர்கள். இந்த இரண்டு அரங்கங்களின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்கள்.

விலை ஏறுவதற்குப் பின்னால் வலி ஒன்று இருக்கிறது. டப்ளினில் வீட்டுப் பஞ்சம். வேலைக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் ஓர் அறையைப் பலரோடு பகிர்ந்து, மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். சுற்றுலாப் பயணிக்கு இரண்டு நாளைக்கு விட்டால் வருமானம் அதிகம் என்று வீட்டுக்காரர்கள் கணக்குப் போட்டதால், 2019 முதல் வாடகை நெருக்கடி உள்ள பகுதிகளில் குறுகிய கால வாடகைக்குக் கட்டுப்பாடு வந்தது. தான் குடியிருக்காத வீட்டைச் சுற்றுலாவுக்கு விட, திட்ட அனுமதி வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு முழு வீட்டை எடுக்கும்போது அதில் யார் குடியிருந்திருக்க வேண்டும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஊருக்கு வெளியே டார்ட் ரயில் நிலையம் பக்கத்தில் விடுதி எடுப்பது பணத்துக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

விமான நிலையமும் மூச்சுத் திணறுகிறது. இரண்டு முனையங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3.2 கோடிப் பயணிகள் என்று 2007-ல் திட்ட அனுமதியில் வரம்பு போட்டார்கள். 2024-ல் அது தாண்டிப்போனது. அயர்லாந்து மக்கள்தொகையே 55 லட்சத்துக்குள்தான். வரம்பை நீக்கச் சொல்கின்றன விமான நிறுவனங்கள். விமானங்கள் பறக்கும் பாதைக்குக் கீழே வீடு வைத்திருப்பவர்கள் தூக்கத்தைக் கேட்கிறார்கள்.

சஃபோக் தெருவில் மீன்காரி மாலி மலோனின் வெண்கலச் சிலை இருக்கிறது. உடம்பெல்லாம் கறுத்திருக்க, மார்பு மட்டும் தங்கமாகப் பளபளக்கும். அதிர்ஷ்டம் என்று யாரோ கதை கட்ட, படம் எடுக்க வருகிறவர்கள் தடவித் தடவித் தேய்த்தது. 2025-ல் மாநகராட்சி அங்கே ஆள் நிறுத்தி, தொடாதீர்கள் என்று சொல்லவைத்தது. சுற்றுலா ஓர் ஊரை என்ன செய்கிறது என்பதற்கு அந்தப் பளபளப்பைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் டப்ளின் புறநகர் டாலாவில் இந்தியர் ஒருவர் தாக்கப்பட்டார். அதைத் தொடர்ந்து வேறு சம்பவங்களும் செய்தியாகின. நேரம் கெட்ட நேரத்தில் ஆளரவமற்ற இடங்களுக்குப் போக வேண்டாம் என்று இந்தியத் தூதரகம் அறிவுரை வெளியிட்டது. அயர்லாந்து அரசுத் தலைவர்கள் கண்டித்தார்கள். இரண்டு நாளும் பெரும்பாலும் ஊர் நடுவிலேயே நடந்த எனக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் விருந்தாளியின் அனுபவத்தை வைத்து, அங்கேயே வாழ்கிறவர்களின் பயத்தை அளக்க முடியாது. இரவு வெகுநேரம் ஆனால் டாக்ஸி பிடியுங்கள்.

ஞாயிறு: வெயில் வந்தால் கடல், வராவிட்டாலும் கடல்

ஞாயிற்றுக்கிழமை காலை தொல்லியல் அருங்காட்சியகம் திறக்காது. மதியம் ஒரு மணிக்குத்தான். தெரியாமல் போய்க் கதவைத் தட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தக் காலைப் பொழுதை டார்ட் ரயிலுக்குக் கொடுங்கள். வடக்கே அரை மணியில் ஹௌத். மீன்பிடித் துறைமுகம், படகுகளுக்கிடையே தலை நீட்டும் கடல்நாய்கள், குன்றின் விளிம்பில் ஒற்றையடிப் பாதை. காற்று பலமாக இருந்தால் பாதையில் ஏற வேண்டாம். துறைமுகத்தில் சூடாக ஒரு கிண்ணம் மீன் சவுடர் குடித்துவிட்டுத் திரும்பலாம். பாலும் உருளைக்கிழங்கும் மீனும் சேர்ந்த கெட்டிச் சாறு. கூடவே பழுப்பு சோடா ரொட்டி, வெண்ணெய். மிளகு மட்டும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். சைவர்களுக்குக் காய்கறி சூப்பும் அதே ரொட்டியும் எங்கும் உண்டு. ராத்திரி பசித்தால் தெருமுனைக் கடையில் 'கரி சிப்ஸ்' என்று ஒன்று கிடைக்கும். உருளை வறுவல் மேல் மஞ்சள் குழம்பு. அதைக் குழம்பு என்று சொன்னதற்கு என்னை மன்னியுங்கள்.

தெற்கே போனால் சாண்டிகோவ். 1904-ல் ஜேம்ஸ் ஜாய்ஸ் சில நாள் தங்கிய வட்டக் கோபுரம் அங்கே இருக்கிறது. 'யுலிசிஸ்' நாவல் தொடங்கும் இடம். அதற்குக் கீழே ஃபார்ட்டி ஃபுட் என்ற பாறைத் துறையில் ஆண்டு முழுவதும் ஆட்கள் கடலில் குதித்துக் குளிக்கிறார்கள். நான் போனபோது தூறிக்கொண்டிருந்தது. நனைந்தபடி துணி மாற்றிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தலையைத் துவட்டிக்கொண்டு ஃப்ளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினார். கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

மதியம் ஊர் திரும்பினால் தேசிய ஓவியக் கூடம். அங்கே கரவாஜ்ஜோ 1602-ல் தீட்டிய, இயேசு கைதாகும் காட்சி தொங்குகிறது. பல பத்தாண்டுகள் டப்ளின் ஏசு சபைக் குருமார் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வேறு யாரோ வரைந்தது என்ற பெயரில் மாட்டியிருந்தது. 1990-ல் பழுது பார்க்க வந்த ஓவியக் கூடத்து நிபுணர் செர்ஜியோ பெனடெட்டி அதை அடையாளம் கண்டார். மூன்று ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 1993-ல் மக்கள் பார்வைக்கு வந்தது. விளக்கைத் தூக்கிப் பிடித்து எட்டிப் பார்க்கும் வலது ஓரத்து ஆள் கரவாஜ்ஜோவே என்கிறார்கள். ஓவியர் பர்ட்டனின் 1864-ம் ஆண்டு நீர்வண்ண ஓவியம் ஒன்றும் அங்கே இருக்கிறது: கோபுரப் படிக்கட்டில் கடைசியாகச் சந்திக்கும் காதலர்கள். நிறம் மங்காமல் இருக்க அதை மூடிவைத்து, வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் திறக்கிறார்கள். ஞாயிறு அதில் ஒரு நாள். நேரத்தை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். திறக்கும் முன்பே வரிசை நின்றுவிடும்.

டெம்பிள் பார் தெருவைப் பற்றி எதுவும் எழுதவில்லையே என்று கேட்பீர்கள். கல் பாவிய தெரு, இசை, சிவப்பு முகப்பு, எல்லாம் உண்டு; ஒரு பைன்ட் பியர் 10 யூரோவைத் தொடும். ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, இரண்டு தெரு தள்ளிப் போய் உட்காருங்கள்.

கடைசியாக ஒன்று. டப்ளினில் பஸ்ஸைவிட்டு இறங்கும் ஒவ்வொருவரும், நடு வாசலில் இறங்கினால் சத்தம் போட்டாவது, ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். விமான நிலையத்தில் இறங்கும்போது நீங்களும் சொல்லிவிடுங்கள்.